ஐம்பதில் ஒருமுறை தோற்கும் சோதனை: எந்த வழியில் தேடுவது?

பல த்ரெட்டுகளோடு (ஒரே நிரலுக்குள் ஒருசேர ஓடும் வேலைத்தொடர்கள்) ஓடும் சி++ நிரலில், ஐம்பது ஓட்டங்களில் ஒருமுறை மட்டும் தோற்கும் சோதனையின் காரணத்தைத் தேட மூன்று வழிகள் உள்ளன: பழுது நுழைந்த மாற்றத்தைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கிட் பைசெக்ட், த்ரெட்டுகள் நினைவகத்தில் மோதும் இடத்தைக் காட்டும் த்ரெட்சானிடைசர், ஓட்டத்தைப் பதிவுசெய்து மீண்டும் ஓட்டிக்காட்டும் ஆர்ஆர். தேறும்வரை மறுபடி ஓட்டுவதை நான் வழியாகவே கருதவில்லை; அது பழுதை வாடிக்கையாளரிடம் அனுப்பி வைப்பதாகும்.

பலரும் முதலில் நாடுவது பைசெக்ட். ஆயிரம் கமிட்டுகளை (நிரலில் ஒவ்வொன்றாகப் பதிவான மாற்றங்களை) ஏறத்தாழப் பத்துப் படிகளில் அது சலித்துவிடும் என்றாலும், ஒவ்வொரு படியிலும் நல்லது, கெட்டது என்று ஐயமின்றிச் சொல்ல முடிந்தால்தான் அந்தக் கணக்குப் பொருந்தும். 2 சதவீத ஓட்டங்களில் மட்டுமே தோற்கும் சோதனை, ஒரு கமிட்டில் பழுதின்றி இருக்கிறது என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல, தொடர்ந்து ஏறக்குறைய 150 முறை அது தேற வேண்டும். ஒரு படியில் தவறாக நல்லது என்று குறித்துவிட்டால், அதன்பின் எவ்வளவு கவனமாக ஓட்டினாலும் தேடல் குற்றமற்ற கமிட்டில்தான் போய் நிற்கும். மேலும், வேகத்தை மட்டும் மாற்றிய ஒரு கமிட், நெடுநாள் உறங்கிக் கிடந்த பழுதை எழுப்பியிருக்கலாம். அப்போது பைசெக்ட் எழுப்பிய கமிட்டைக் காட்டுமே தவிர, பழுதைக் காட்டாது.

த்ரெட்சானிடைசருக்கோ தோல்வி நிகழவே வேண்டியதில்லை. இரண்டு த்ரெட்டுகள் ஒரே நினைவக இடத்தை, ஒரு நேரத்தில் ஒன்றையே உள்ளே விடும் பூட்டு முதலிய ஒழுங்கு எதுவுமின்றித் தொட்டு, அவற்றில் ஒன்றாவது அங்கே எழுதினால், சோதனை தேறிய ஓட்டத்திலும் அது இரண்டு இடங்களையும் வரி எண்ணோடு காட்டிக்கொடுக்கும். ஓட்டம் 5 முதல் 15 மடங்கு மெதுவாகும், நினைவகமும் 5 முதல் 10 மடங்கு செலவாகும் என்றாலும், கிடைக்கும் பயனுக்கு அது பெரிய விலையன்று. பூட்டுகள் சரியாக இருந்தும் வேலைகளின் வரிசை பிசகும் பழுதுகளை அதனால் காண முடியாது.

அவ்விடத்தில் கைகொடுப்பது, மொசில்லாவில் உருவாகி லினக்ஸில் இயங்கும் ஆர்ஆர். தோற்ற ஓட்டம் ஒன்றைப் பதிவுசெய்துவிட்டால், அதையே எத்தனை முறை வேண்டுமானாலும் மாறாமல் மீண்டும் ஓட்டலாம். கெட்டுப்போன மதிப்பின் மீது கண்காணிப்பு வைத்துப் பின்னோக்கி ஓட்டினால், அதை எழுதிய வரியிலேயே போய் நிற்கலாம். ஆர்ஆர் எல்லா த்ரெட்டுகளையும் செயலியின் ஒரே கோரில், ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி மாற்றி ஓட்டுவதால் தோல்வி சில வேளை தலைகாட்டாது. அதற்காகவே, த்ரெட்டுகளின் முன்னுரிமையைத் தாறுமாறாக மாற்றும் கேயாஸ் முறை அதில் உண்டு.

ஆகவே முதலில் த்ரெட்சானிடைசர், அது மௌனமாக இருந்தால் ஆர்ஆர் என்பதே என் வரிசை. பைசெக்ட் தேவைப்பட்டாலும், கேயாஸ் முறையால் தோல்வி ஐந்தில் ஒன்றாக உயர்ந்த பிறகு தொடங்குவதே நல்லது. அப்போது அதே உறுதிக்கு ஒரு படிக்கு 14 ஓட்டங்கள் போதும்.