சிறைக்குப் பதிலாகச் சீர்திருத்தக் கட்டளை: மலையகத்தில் பாவித்துப் பார்த்தால்

சின்னப் பொட்டலம் ஒன்றோடு பிடிபட்ட பத்தொன்பது வயதுப் பிள்ளையை மறியலுக்கு அனுப்பாமல் மீட்டெடுக்க நீதவானின் கையில் என்ன இருக்கிறது? அமெரிக்காவின் மயாமியில் 1989இல் தொடங்கிய மாதிரியான போதைச் சிகிச்சை நீதிமன்றம், அதாவது சிறைக்குப் பதிலாக நீதிபதியின் கண்காணிப்பில் சிகிச்சை நடத்தும் நீதிமன்றம், இலங்கை மலையகத்தின் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ பதுளையிலோ கிடையாது. துண்டு துண்டாகச் சட்டங்கள் இருக்கின்றன: 1944ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம், 1999இன் 46ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம், போதைக்கு அடிமையானவர்களின் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்குமான 2007இன் 54ஆம் இலக்கச் சட்டம். இவற்றை ஒட்டுப்போட்டு நடக்கும் சேவைக்குத்தான் இந்த மதிப்பீடு. சட்டத்துக்கு ஐந்தில் நாலு கொடுக்கலாம். நடைமுறைக்கு இரண்டு, அதுவும் உத்தியோகத்தர்களின் உழைப்புக்காக.

முதலில் இது யாருக்குப் பொருந்தும் என்பது. ஹெரோயின் 2 கிராம், ஐஸ் (மெத்தம்பெட்டமைன்) 5 கிராம் என்ற எல்லைகளைத் தொட்டால் கதையே வேறு; மரண தண்டனை, ஆயுள் தண்டனை வரை போகும் குற்றம் அது. ஐஸுக்கான எல்லை 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. அதற்குக் கீழே, சொந்தப் பாவனைக்கு வைத்திருந்த சிறு அளவு வழக்குகளில்தான் சீர்திருத்தக் கட்டளைக்கு இடமுண்டு. நீதவான் அறிக்கை கேட்பார். உத்தியோகத்தர் வீட்டுக்கு, அதாவது லயத்துக்கு, வந்து விசாரிப்பார். கட்டளை வந்தபின் சம்பளமில்லாத சமுதாய வேலை, உளவளத்துணை, தேவைப்பட்டால் சிகிச்சை. மீறினால் திரும்பவும் கூண்டு. சேவையின் வடிவத்தில் பெரிய பிழை சொல்ல முடியாது.

ஒன்றை மட்டும் சட்டத்தரணியிடம் முதல் தவணையிலேயே கேட்டுவிட வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொண்டால் பொலிஸ் பதிவில் என்ன விழும்? குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவின் கீழ், குற்றத்தீர்ப்பு எழுதாமலே நிபந்தனையோடு விடுவிக்க நீதவானுக்கு அதிகாரம் இருக்கிறது. கொழும்புக்கோ வளைகுடாவுக்கோ வேலைக்குப் போகவிருக்கும் பிள்ளைக்குப் பொலிஸ் நற்சான்றிதழ்தான் உயிர். ‘ஒப்புக்கொண்டு தண்டத்தைக் கட்டிவிட்டுப் போவோம்’ என்று அவசரப்படுவதில்தான் பலருடைய வழி அடைபடுகிறது.

அடுத்தது மொழி. நீதிமன்றத்தில் தமிழில் கேட்டுப் புரிந்துகொள்வதற்கான மொழிபெயர்ப்பை அரசே தர வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை. கூண்டில் நிற்கும் ஐந்து நிமிடத்துக்கு அது போதும். உளவளத்துணைக்குப் போதாது. ‘எப்போ பாவிக்கத் தோணுது?’ என்ற கேள்விக்கு மூன்றாவது ஆள் ஒருவர் வழியாகப் பதில் சொல்லும் பிள்ளை, ‘இப்ப இல்ல சேர்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளும். தமிழ் உளவளத்துணையாளர் இல்லாத திட்டத்துக்குப் பணம் கேட்டு வந்தால் கொடுக்கவே கூடாது.

இனிச் சிறுநீர்ப் பரிசோதனை. சேவை அதிகம் சறுக்குவது இங்கேதான். பரிசோதனைக் கீற்றில் இரண்டு கோடுகள் விழும். கட்டுப்பாட்டுக் கோடு விழாவிட்டால் அந்தக் கீற்று செல்லாது. அது விழுந்து, பரிசோதனைக் கோடு விழாவிட்டால் போதைப்பொருள் இருக்கிறது என்று அர்த்தம். பரிசோதனைக் கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும், மயிரிழை போலத் தெரிந்தாலும், ‘இல்லை’ என்றுதான் வாசிக்க வேண்டும். மங்கலான கோட்டைப் பார்த்து ‘கொஞ்சம் இருக்கு’ என்று எழுதுவது பிழை. ஐந்தாவது நிமிடத்தில் பார்க்க வேண்டும். பத்து நிமிடம் கடந்தபின் தெரிவதை நம்பக்கூடாது.

மலைக்குளிருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. மாற்றிக் கொடுக்கவில்லை என்று உறுதிப்படுத்த, சிறுநீரின் வெப்பநிலையை நான்கு நிமிடத்துக்குள் பார்ப்பார்கள். 32 முதல் 38 பாகை வரை இருக்க வேண்டும். நுவரெலியாவில் தை மாதக் காலையில் மெல்லிய பிளாஸ்டிக் குவளையைச் சீமெந்துத் திண்ணையில் வைத்தால் வெப்பநிலை மளமளவென்று இறங்கிவிடும். குற்றமில்லாத பிள்ளை ‘ஏமாற்றியவன்’ ஆகிறான். குவளையைக் கையில் வாங்கிய உடனே வெப்பநிலையைக் குறிப்பது, குளிர்ந்துபோன கீற்றுப் பொதியை அறை வெப்பத்துக்கு வந்தபின் பிரிப்பது, இரண்டும் காசில்லாத திருத்தங்கள்.

கீற்று எதைக் காட்டாது என்பதும் முக்கியம். நகரத்துப் பிள்ளைகள் விழுங்கும் பிரிகெபலின் மாத்திரை சாதாரணக் கீற்றில் விழாது. மாவாவில் இருக்கும் பாக்கும் புகையிலையும் விழாது. கோடீன் கலந்த இருமல் மருந்து குடித்தவனுக்கு ஓபியம் வகை என்று விழும். ஹெரோயினும் ஐஸும் இரண்டு மூன்று நாளில் மறைய, தொடர்ந்து கஞ்சா அடித்தவனுக்கு ஒரு மாதம் வரைகூடக் காட்டும். ஆகவே முதல் மாதத்துக் கஞ்சா முடிவை வைத்துத் தண்டிப்பது அநியாயம். மறுக்கிற பிள்ளையின் மாதிரியை ஆய்வுகூட உறுதிப்படுத்தலுக்கு அனுப்ப ஒரு தொகை ஒதுக்காத திட்டம் அரைகுறைதான்.

சரி, ஒழுங்காக நடத்த எவ்வளவு வேண்டும்? இருபது பிள்ளைகள், பன்னிரண்டு மாதம் என்று வைப்போம். முதல் எட்டு வாரம் வாரத்துக்கு இரண்டு பரிசோதனை. அடுத்த பதினாறு வாரம் வாரத்துக்கு ஒன்று. கடைசி ஆறு மாதம் மாதத்துக்கு இரண்டு. ஒரு பிள்ளைக்கு 44, மொத்தம் 880. கெட்டுப்போவது, காலாவதியாவது என்று பத்து வீதம் சேர்த்தால் 970 கீற்றுகள் போல. நீதவானின் நேரம்? ஆளுக்கு மூன்று நிமிடமாவது முகம் பார்த்துப் பேச வேண்டும் என்பது அமெரிக்க நீதிமன்றங்களின் அனுபவம். இருபது பேருக்கு ஒரு மணித்தியாலம், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. நீதிமன்றத்துக்கு இது தாங்காத பாரமல்ல.

பாரம் விழுவது வீட்டின் தலையில். தோட்டத் தொழிலாளருக்கு 2024இல் நிர்ணயித்த நாட்சம்பளம் 1350 ரூபாவாக இருந்தது. அந்தக் கணக்கில், 44 நாள் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போகாமல் பேர், அதாவது அன்றைய வேலைப் பதிவு, விழாவிட்டால் 59,400 ரூபா போய்விடும். பதினெட்டுக்குக் குறைந்த பிள்ளையோடு அம்மாவும் வந்தால் அவருடைய பேரும் போகும். பஸ் காசு, தோட்டத்தின் மேல் டிவிசனிலிருந்து (பிரிவிலிருந்து) இறங்கும் ஆட்டோக் காசு தனி. பிள்ளை தவணைக்கு வராததை ‘ஒத்துழைப்பில்லை’ என்று அறிக்கையில் எழுதுவது சுலபம். கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு, மாலை நான்கரைக்கு மேல் தோட்ட மருந்தகத்தில் மாதிரி எடுத்தால் இந்தச் செலவில் பெரும்பகுதி இல்லாமலே போகும். அதற்கு வேண்டியது மருத்துவ உதவியாளருக்கு ஒரு நாள் பயிற்சி, பூட்டுள்ள ஒரு அலுமாரி, மேலதிக நேரக் கொடுப்பனவு. திடீர் அழைப்பைத் தொலைபேசியை மட்டும் நம்பி வைக்கக் கூடாது. சிக்னல் கிடைக்காத டிவிசன்கள் இருக்கின்றன. ஆனி, ஆடி மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டால், மறுநாள் வரலாம் என்று விதியிலேயே எழுதிவைக்க வேண்டும்.

பணம் எங்கிருந்து வரும் என்பதுதான் முடிச்சு. நன்னடத்தைச் சேவை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு மாகாண சபையின் பொறுப்பு. சமுதாயஞ்சார் சீர்திருத்தமும் அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையும் கொழும்பின் பொறுப்பு. தோட்டத்து மருந்தகம் இன்னொரு பக்கம். நாலு பணப்பை, ஒரே பிள்ளை. எந்தப் பையிலும் ‘பஸ் காசு’ என்றொரு தலைப்பு இல்லாவிட்டால், கட்டடத்துக்குக் கிடைக்கிற பணம் பயணத்துக்குக் கிடைக்காது. மாவட்டச் செயலகத்தினூடாக ஒரே கணக்கு, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மீளாய்வு என்று கேட்பது புத்தி. வதிவிட நிலையம் கட்ட வேண்டும் என்ற யோசனை வந்தால் தள்ளிவையுங்கள்.

தள்ளிவைக்க இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு தடவை கஞ்சா அடித்தவனையும் நாள்தோறும் தூள் (ஹெரோயின்) இழுக்கிறவனையும் ஒரே மண்டபத்தில் இருத்தினால் முதலாமவன் இரண்டாமவனிடம் பாடம் படிப்பான். லேசான வழக்குக்கு எச்சரிக்கையும் சில உளவளத்துணை அமர்வுகளும் போதும். 970 கீற்றும் கடுமையான பாவனைக்காரருக்கே போகட்டும். பதினெட்டுக்குக் குறைந்தவர்களுக்குக் குடும்பத்தை இழுத்து உள்ளே போடாத திட்டம் அமெரிக்காவிலேயே சோபிக்கவில்லை.

முதல் நாள் போகும்போது கையில் இருக்க வேண்டியவை: அடையாள அட்டை, கட்டளையின் பிரதி, பாவிக்கும் மருந்துகளின் சிட்டை, தோட்டத்தில் பேர் பதிவதாகக் கடிதம். கட்டளை சிங்களத்தில் மட்டும் இருந்தால், கையெழுத்து வைக்குமுன் ஒவ்வொரு நிபந்தனையையும் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம். சிகிச்சை பற்றிக் கேட்க 1927 என்ற தொலைபேசி இலக்கத்தை அழைக்கலாம். பிடிபடும் வரை காத்திருக்கத் தேவையில்லை, 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் தாமாக முன்வந்து சிகிச்சை கேட்கவும் வழி இருக்கிறது.