ரெண்டு இன்ச்ல வாங்கின ஷார்க், சக்கர், ஆஸ்கர்: வருஷக்கணக்கா வளர்த்த அனுபவம்

யூடியூப்ல மீன் வீடியோன்னு பார்த்தா முக்காவாசி வாங்கின அன்னைக்கே எடுத்ததா இருக்கும். கவர்ல இருந்து டேங்க்ல விடுவாங்க, லைட்ட போடுவாங்க, சப்ஸ்கிரைப் பண்ணுங்கன்னு சொல்லிட்டு போயிடுவாங்க. அதே மீன் ரெண்டு மூணு வருஷம் கழிச்சு என்ன ஆச்சுன்னு யாரும் காட்டறதில்ல, அந்த மிச்சத்த தான் இங்க எழுதறேன்.

டேங்க் எங்க அக்கா பையனுக்காக மாமா வாங்கினது, மூணடிக்கு ஒன்றரைக்கு ஒன்றரை, அதாவது தண்ணி சுமார் 190 லிட்டர். பையன் ஒரு மாசம் பார்த்தான், அதுக்கப்புறம் டேங்க் பராமரிப்பு முழுக்க என் தலையில. மீன் எல்லாம் கொளத்தூர் பக்கம் ஒரு கடையில வாங்கினது, சென்னையில கலர் மீன்னா எல்லாரும் அங்கதான போவோம். கடையில ஒவ்வொரு தொட்டி மேலயும் ஸ்கெட்ச் பேனால பேரு, ஜோடி விலை, எத்தனை இன்ச்னு எழுதி ஒட்டியிருப்பாங்க. அந்த இன்ச் இன்னைக்கு இருக்கற இன்ச். முழுசா வளர்ந்தா எவ்ளோ வரும்னு கேட்டா, எந்தக் கடைக்கு போனாலும் "டேங்க்குக்கு ஏத்த மாதிரிதான் சார் வளரும், பயப்படாதீங்க"ன்னு ஒரே பதில் தான், ஏதோ சங்கத்துல கூடி முடிவு பண்ண மாதிரி.

அது பொய். சின்ன டேங்க்ல மீன் சில சமயம் வளராம நிக்கும், ஆனா அது டேங்க் சைஸ பார்த்து அடக்கமா நிக்கறது கிடையாது. கழிவு சேர்ந்து நைட்ரேட் ஏறி, தண்ணி கெட்டு, நீந்த இடமில்லாம நோஞ்சானா நிக்குது. முதுகு வளைஞ்சு, பத்து பதினஞ்சு வருஷம் இருக்க வேண்டியது ரெண்டு வருஷத்துல போயிடும். தண்ணிய ஒழுங்கா மாத்தி நல்லா பார்த்துக்கிட்டா அது வளர்ந்தே தீரும், நம்ம கண்ணாடியப் பத்தி அதுக்கு என்ன கவலை.

முதல்ல ஷார்க். பேருதான் ஷார்க், உண்மையில கெளுத்தி இனம், பங்கேசியஸ். மேகாங் ஆத்து மீன், அங்க முட்டை போடறதுக்காக நூத்துக்கணக்கான கிலோமீட்டர் பயணம் போறது. ஒரு மீட்டருக்கு மேல வளரும், 40 கிலோ தாண்டின மீனெல்லாம் பிடிச்சிருக்காங்க. ஆந்திரால குளம் குளமா வளர்க்கறதும் இதையேதான், ஹோட்டல்ல பாசா ஃபிஷ் ஃபிங்கர்னு தட்டுல வர்றதும் இதேதான். சாப்பாட்டு மீனா குஞ்சு லட்சக்கணக்குல உற்பத்தி ஆகறதால தான் கடையில அவ்ளோ சல்லிசு. குட்டியில பார்க்க வெள்ளி மாதிரி மின்னும், கூட்டமா போகும், அழகுதான், இல்லன்னு சொல்லல. ஆனா இவ்ளோ பயந்தாங்கொள்ளி மீன நான் பார்த்ததில்ல. லைட் சுவிட்ச் போட்டா, கதவ சாத்தினா, யாராவது தும்மினா கூட ஒரே பாய்ச்சல், நேரா கண்ணாடியில போய் மூக்க இடிச்சுக்கும். மூக்கு எப்பவும் செவந்து புண்ணாவே இருக்கும், மருந்து போட்டு ஆறினா அடுத்த வாரம் திரும்ப இடிக்கும். ஒரு வருஷத்துக்குள்ள அடிக்கு மேல ஆயிடுச்சு, ஒன்றரை அடி அகலத்துல திரும்பறதுக்கே திணறுது. கடைசில மாமாவோட ஃப்ரெண்ட் ஒருத்தர் வீட்டு மாடித்தோட்டத்துக்கு தண்ணி விடற பெரிய சிமெண்ட் தொட்டி இருந்துச்சு, அங்க போச்சு. வாங்கின கடையில கேட்டதுக்கு "பெருசாயிட்டா யாரும் வாங்க மாட்டாங்க சார்"னு சொல்லிட்டாங்க. குட்டியா விக்கும்போது இத சொல்லியிருக்கணும்ல?

வீட்டு டேங்க் மீனா ஷார்க்குக்கு என் மார்க் பூஜ்யம்.

அடுத்தது சக்கர், கடை பாஷையில டேங்க் கிளீனர். இத விக்கற விதமே வேற, மத்த மீன் எல்லாம் எடுத்து முடிச்சு பில் போடற நேரத்துல "சார் கிளீனர் ஒண்ணு போட்டுடவா"ன்னு கேப்பாங்க, மளிகைக் கடையில கொத்தமல்லி போடற மாதிரி. குட்டியா இருக்கும்போது கண்ணாடில பாசிய சாப்பிடும், உண்மைதான். அரை அடி தாண்டினதும் பாசி மேல இருந்த ஆர்வம் போயிடுச்சு, ஆஸ்கருக்கு போடற பெல்லட் தீனிக்கு கீழ வாய திறந்துட்டு நிக்குது. அது போடற கழிவு இருக்கே, நூல் நூலா, தினமும், கிளீனர் வாங்கினதுக்கப்புறம் தான் எனக்கு கிளீனிங் வேலையே அதிகமாச்சு. ஒரு அடி, ஒன்றரை அடி வரைக்கும் வளர்ற மீன் இது. வலையில பிடிக்கவும் முடியாது, செவுள் பக்கத்து துடுப்பு முள்ள விரிச்சு லாக் பண்ணிக்கும், அப்புறம் கத்தரிக்கோல் எடுத்து வலைய வெட்டணும். ஒரு டப்பாவ வச்சு அமுக்கி பிடிச்சா ஈஸி. ஆனா சாகவே சாகாது, அதுக்கு மார்க் கொடுத்துதான் ஆகணும். ஒரு தடவ ராத்திரி முழுக்க கரண்ட் இல்லாம மத்த மீனெல்லாம் மேல வந்து மூச்சு வாங்குது, இது மட்டும் ஜாலியா இருந்துச்சு. காத்த விழுங்கி வயித்து வழியாவே மூச்சு விடக்கூடிய ஜீவன்.

அந்த கெட்டித்தனம் தான் வெளியில பிரச்சனை. பெருசாயிடுச்சேன்னு ஏரியிலயோ கால்வாய்லயோ கொண்டு போய் விட்டுடறாங்க, சாகாம கரையில பொந்து தோண்டி முட்டை போட்டு பெருகுது. திருவனந்தபுரம் கால்வாய்கள்லயும் கிழக்கு கொல்கத்தா சதுப்பு நில மீன் பண்ணைகள்லயும் இது பரவிக் கிடக்கு, வலைய கிழிக்குது, சந்தையில வாங்க ஆள் கிடையாது. சக்கர் மட்டும் இல்ல. 2018 கேரளா வெள்ளத்துக்கு அப்புறம் சாலக்குடி ஆத்துல அரபைமாங்கற அமேசான் ஆத்து மீன் வலையில மாட்டுச்சு, 2023-ல ஸ்ரீநகர் தால் ஏரிய சுத்தம் பண்ணும்போது அலிகேட்டர் கார் (gar)ங்கற மீன் கிடைச்சுது. ஆறடிக்கு மேல போற அந்த கார் மீன் குட்டிய சென்னையில நானே பென்சில் சைஸ்ல கவர்ல கட்டி தொங்க விட்டு பார்த்திருக்கேன். ரெட் டெயில் கேட்ஃபிஷ்ஷும் அப்படித்தான், விக்கும்போது விரல் நீளம், முழுசா வளர்ந்தா நாலடி.

மூணாவது ஆஸ்கர், இதுக்கு மட்டும் நான் கட்சி மாறிட்டேன். மாசத்துக்கு ஒரு இன்ச் கணக்குல வளர்ந்துச்சு, ஒரு வருஷத்துல பத்து இன்ச்ச தொட்டுடுச்சு. கூட இருந்த கொஞ்சம் டெட்ரா எங்க போச்சுன்னு கேக்காதீங்க. ஆனா இது மீன் இல்ல, வீட்டு ஆளு. நான் ஆபீஸ் விட்டு வந்தா கண்ணாடி கிட்ட வந்து ஆடும், அக்கா வந்தா கண்டுக்காது. கல்ல வாயில எடுத்து இடம் மாத்தும், ஃபில்டர் ஹோஸ பிடுங்கி எறியும், சாப்பாடு லேட்டானா மூஞ்சிய திருப்பிக்கும். நல்லா பார்த்துக்கிட்டா பத்து வருஷத்துக்கு மேல இருக்கும். அதுக்காகவே நாலுக்கு ரெண்டுக்கு ரெண்டு டேங்க் போட்டாச்சு. அது 450 லிட்டர், கண்ணாடி, ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தா அரை டன்னுக்கு மேல, வாடகை வீட்டு மாடின்னா வீட்டு ஓனர் கிட்ட முதல்ல பேசிடுங்க. வாரா வாரம் மூணுல ஒரு பங்கு தண்ணி மாத்தணும்னா 150 லிட்டர், மே மாசம் மெட்ரோ தண்ணி லாரிக்கு காத்திருக்கற தெருவுல அத சொன்னா பக்கத்து வீட்டுக்காரங்க ஒரு மாதிரி பார்ப்பாங்க. எங்க வீட்ல அந்த பழைய தண்ணி மொத்தமும் செடிக்கு போயிடுது, ரோஜா நல்லா பூக்குது.

கடைக்காரங்க மேல முழு பழியும் போட மாட்டேன், ஜோடி முப்பது ரூபாய்க்கு விக்கறவர் உட்கார்ந்து பாடம் எடுப்பாரான்னு ஒரு பக்கம் இருக்கு. ஆனா ஸ்கெட்ச் பேனால 2 இன்ச்னு எழுதறவர் பக்கத்துலயே வளர்ந்தா 40 இன்ச்னு எழுத என்ன செலவாகும்? எழுதினா விக்காது, அதான் விஷயம். 2017-ல மீன் கடைகளுக்குன்னு மத்திய அரசு விதி ஒண்ணு கொண்டு வந்துச்சு, எதிர்ப்பு வந்ததும் அதையும் வாபஸ் வாங்கிட்டாங்க.

ரெண்டடி, மூணடி டேங்க் தான் இருக்குன்னா கப்பி, பிளாட்டி, டெட்ரா, ஹனி கொராமி போதும். பாசிக்கு மீன் வேணும்னா பிரிஸில்நோஸ் சக்கர்னு கேட்டு வாங்குங்க, அது அஞ்சாறு இன்ச்லயே நின்னுடும். குட்டியில ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், சாதா சக்கர கொடுத்துட்டு இதுதான் அதுன்னு சொல்வாங்க. முதுகுத் துடுப்ப விரிக்கும்போது பாருங்க, பாய்மரம் மாதிரி உயரமா நீளமா, பத்துக்கு மேல முள்ளு இருந்தா சாதா சக்கர், சின்னதா ஏழு எட்டு தான்னா பிரிஸில்நோஸ். எண்ணிக்கிட்டு நின்னா கடைப் பையன் கடுப்பாவான், நல்லா நிதானமா எண்ணுங்க.