கோவளமா, மாமல்லபுரமா, ராமேஸ்வரமா? மாஸ்க்கும் கிளிஞ்சல் பையுமாகப் போகிறவர்களுக்கு

அக்கா மகளுக்குத் தண்ணீருக்குள் பார்க்கிற மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் (ஸ்நார்கெல்) வாங்கிக் கொடுத்து மூன்று வருடமாகிறது. அன்றிலிருந்து ஒரே கேள்விதான்: பாறையும் இருக்கணும், தண்ணீருக்குள் ஏதாவது தெரியணும், கிளிஞ்சலும் கிடைக்கணும், எங்கே போகலாம்? மூன்று இடங்களுக்கும் போய்ப் பார்த்துவிட்டேன். சென்னையிலிருந்து போய் ஒரே நாளில் திரும்ப வேண்டுமென்றால் கோவளம்தான் என் பதில். தண்ணீருக்குள் பார்ப்பதுதான் முக்கியம் என்றால் ராமேஸ்வரம். மாமல்லபுரத்தை இந்த வேலைக்கு நான் சொல்லமாட்டேன்.

முதலில் தண்ணீரைப் பற்றி. சென்னைக் கடல் மணலடிக் கடல். அலையும் ஓய்வதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் வண்டல் அடங்கவே நாளாகும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரைதான் ஓரளவு தெளிவு கிடைக்கும். அதுவும் விடிந்து இரண்டு மூன்று மணி நேரம்தான், மதியம் கடல்காற்று கிளம்பிவிட்டால் மறுபடி கலங்கல். போனதும் படகடியில் நிற்பவரிடம் கேட்டுவிடுவது என் வழக்கம். "அண்ணே, தண்ணி எப்படி?" என்றால், "இன்னிக்குக் கலங்கல் தம்பி, புள்ளைய இறக்காதே" என்று ஒரே வரியில் முடிவைச் சொல்லிவிடுவார்கள்.

கோவளம் நகரிலிருந்து தெற்கே சுமார் 40 கிலோமீட்டர். 2021இல் சுத்தமான கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்று பெற்ற மணற்கரையை விட்டுவிட்டு, பாறைகள் நீட்டிக்கொண்டிருக்கும் பக்கமாகப் போங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் வற்றும் நேரம் பார்த்துப் போவது நல்லது. நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான், ஆனால் அந்த ஒரு மீட்டரில்தான் பாறைக் குழிகள் வெளியே வரும். முழங்கால் அளவுத் தண்ணீரில் முகத்தை வைத்தாலே போதும். சின்ன மீன்கள், நண்டு, தொட்டதும் சுருங்கும் கடற்சாமந்தி எல்லாம் கண்ணில் படும். அங்கே நீந்த வேண்டியதில்லை, பாறையைத் தாண்டிப் போகவும் கூடாது. பாறையில் ஒட்டியிருக்கும் கொட்டலசு ஓடு பிளேடு மாதிரி காலைக் கிழிக்கும், அதனால் ரப்பர் செருப்பு கட்டாயம்.

கிளிஞ்சல் விஷயத்தில் நான் தாமதமாகக் கற்றது ஒன்று உண்டு. பாறை மேல் தேடாதீர்கள், அலை அங்கே எல்லாவற்றையும் நொறுக்கிவிடும். பாறைக்குப் பின்னால் அலை தணியும் மணலில்தான் முழுசாக ஒதுங்கும். அதைவிட நல்ல இடம், நண்டு வலையை உதறி அழுக்கெடுக்கும் இடம். ஆழத்தில் கிடக்கும் முள்ளுச் சங்கும், பழுப்புப் புள்ளி போட்ட புறாமுட்டைச் சங்கும் வலையோடு வந்து மணலில் கிடக்கும். வலைக்காரரிடம் கேட்டுவிட்டு எடுங்கள், பெரும்பாலும் சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள். சில மட்டி ஓடுகளில் துளைக்கருவி போட்டது போல வட்டமாக ஒரு ஓட்டை இருக்கும். அது இன்னொரு நத்தை துளைத்துச் சதையைத் தின்ற அடையாளம். அக்கா மகள் இப்போது அந்த ஓட்டை ஓடுகளை மட்டும் தனியாகச் சேர்க்கிறாள்.

எடுப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் திருப்பிப் பாருங்கள். உள்ளே உயிர் இருந்தாலும், துறவி நண்டு குடியிருந்தாலும் அப்படியே வைத்துவிடுங்கள். கூம்பு வடிவச் சங்கு உயிரோடிருந்தால் தொடவே கூடாது, விஷ ஊசியால் குத்தும்.

மாமல்லபுரம் இன்னும் கொஞ்சம் தெற்கே. கடற்கரைக் கோயில் பாறைகளைப் பார்க்க எனக்கு அலுத்ததே இல்லை. 2002இல் அந்தக் கடலடியில் முக்குளித்தவர்கள் கட்டுமான எச்சங்களைக் கண்டதாக அறிவித்த பிறகு, மாஸ்க்கோடு போனால் நமக்கும் தெரியுமோ என்ற ஆசை பலருக்கு. தெரியாது. அவை கரையோரத்தில் இல்லை, ஆழத்தில் கிடக்கின்றன. கோயிலருகே அலை பாறையில் மோதித் திரும்பும் இழுப்பு பயங்கரம், குளிக்கப் போய்ச் செத்தவர்கள் உண்டு. கடைகளில் பளபளக்கும் பெரிய சங்குகளும் உள்ளூர்க் கரையில் ஒதுங்கியவை என்று நினைத்துவிடாதீர்கள். நாட்டிலஸ், ராட்சதச் சிப்பி போன்றவை வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை, வாங்குவதும் குற்றம்தான்.

ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் கற்களில் தேடலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். பாசி வழுக்கும், கால் இடுக்கில் மாட்டும்.

ராமேஸ்வரத்துக்கு ராத்திரி ரயில் ஏற வேண்டும், இரண்டு நாளாவது ஒதுக்க வேண்டும். ஆனால் மண்டபத்திலிருந்து ராமேஸ்வரம் வரை பாக் விரிகுடாப் பக்கம் கரையை ஒட்டியே பவளத்திட்டு இருக்கிறது. 2016 வெப்பத்தில் நிறைய வெளுத்துப்போனாலும், பவளத்தைக் கண்ணால் பார்க்க நமக்கு அருகில் வேறு இடம் எனக்குத் தெரியவில்லை. தென்மேற்குக் காற்று மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும், பாக் பக்கம் குளம் மாதிரி கிடக்கும். வாடைக் காலத்தில் அப்படியே தலைகீழ். வழிகாட்டியோடும் மிதவைச் சட்டையோடும் மட்டும் இறங்குங்கள், காலைப் பவளத்தில் ஊன்றாதீர்கள். கிளிஞ்சல் பையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். செத்து ஒதுங்கிய பவளத் துண்டாக இருந்தாலும் சட்டப்படி எடுக்கக்கூடாது.