மஸில்லோடர் மான் வேட்டைக்குத் துப்பாக்கி வாங்கப் போகிறவர்களுக்கு: பழைய விதியைக் காட்டி என்னிடம் விற்றார்கள்

2024-ஆம் ஆண்டு யூட்டா மாநிலத்தின் மஸில்லோடர் பருவத்தில் மான் வேட்டையாடுவதற்கான டேக் என்னும் அனுமதிச் சீட்டு எனக்குக் குலுக்கலில் கிடைத்தது. அந்த மகிழ்ச்சியோடு ஜூன் மாதத்தில் சால்ட் லேக் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு துப்பாக்கிக் கடைக்குச் சென்று, "மான் வேட்டைக்குத் தயார்" என்று அட்டை தொங்கவிட்டிருந்த ஒரு முழுத் தொகுப்பை 640 டாலர் கொடுத்து வாங்கினேன். அந்தத் துப்பாக்கியின் மேல் பொருத்தியிருந்த ஸ்கோப் என்னும் உருப்பெருக்கும் குறிநோக்கியை நான் டேக் வைத்திருந்த பருவத்தில் பயன்படுத்தக் கூடாது என்று மாநில வனவிலங்கு வாரியம் அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்பே முடிவு செய்திருந்தது. கடைக்காரர் அதைச் சொல்லவில்லை என்பது மட்டுமல்ல, நான் நேரடியாகக் கேட்டபோதும் சட்டப்படி சரிதான் என்று உறுதி சொன்னார். என் புகார் இன்னும் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. இங்கே புதிதாக வேட்டைக்கு வரும் நம்மவர்கள் சிலர் இதே பொருளை வாங்க யோசிப்பதாகக் கேள்விப்பட்டதால், நடந்ததை முழுமையாக எழுதுகிறேன்.

மஸில்லோடர் என்பது குழலின் வாய் வழியாக முதலில் வெடிமருந்தையும் அதன் மேல் குண்டையும் இட்டு, இடிகோலால் கெட்டித்துச் சுடும் துப்பாக்கி. நம் ஊர்ப்பக்கம் நாட்டுத் துப்பாக்கி என்று சொல்வதும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். ஒரு முறை சுட்டால் மறுபடி கெட்டிக்கப் பழகியவருக்கே அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். எண்பது, நூறு கஜத்துக்குள் மானை நெருங்கினால்தான் நம்பிச் சுட முடியும் என்ற நிலை இருந்ததால்தான், இந்தத் துப்பாக்கிக்கென்று தனிப் பருவத்தையும் தனி டேக்கையும் அமெரிக்க மாநிலங்கள் ஒதுக்கின. பென்சில்வேனியா 1974-இல் தொடங்கிய பருவம் சிக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி எழுப்பும் பிளின்ட்லாக் துப்பாக்கிகளுக்கு மட்டுமே உரியது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும் அந்தப் பருவம் இன்றும் அப்படியே நடக்கிறது.

பிறகு கருவிகள் மாறின. மிசூரியைச் சேர்ந்த டோனி நைட் 1985-இல் கொண்டுவந்த எம்.கே.-85 என்ற இன்லைன் துப்பாக்கியில் தீப்பொறி நேராகக் குழலின் பின்புறத்திலிருந்து மருந்தைப் பற்றவைக்கிறது. பழைய பக்கவாட்டுச் சுத்தியலைக் காட்டிலும் இது மிகவும் நம்பகமானது. அதன் பின் மருந்தைப் பற்றவைக்கும் 209 பிரைமர், அளந்து கொட்ட வேண்டிய தேவையை நீக்கிய மருந்துப் பெல்லட், குண்டைச் சுற்றி வரும் சபோ என்னும் பிளாஸ்டிக் உறை, உருப்பெருக்கும் ஸ்கோப் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, இருநூறு கஜத்துக்கு அப்பாலும் குறி தவறாமல் சுடக்கூடிய கருவியாக அது வளர்ந்துவிட்டது. 2020-இல் மருந்தை உறைக்குள் அடைத்துப் பின்புறமாகச் செருகும் ஃபயர்ஸ்டிக் வந்தபோது, குண்டு மட்டும் வாய் வழியாகப் போகும் இதை மஸில்லோடர் என்று ஏற்பதா என்று ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக முடிவு செய்ய வேண்டியதாயிற்று. விதி ஓராண்டு இருப்பது போல மறு ஆண்டு இருப்பதில்லை, ஒரு மாநிலத்தில் இருப்பது போல அடுத்த மாநிலத்தில் இருப்பதில்லை என்ற நிலைக்குக் காரணம் இதுதான்.

யூட்டாவில் நடந்தது இது: 2016-இல் மஸில்லோடர் பருவத்தில் உருப்பெருக்கும் ஸ்கோப்பை அனுமதித்தார்கள், எட்டு ஆண்டு கழித்து, 2024 ஜனவரியில், அந்த அனுமதியை வாரியம் திரும்பப் பெற்றது. அக்டோபரில் வரும் சாதாரண ரைஃபிள் பருவத்தில் அதே மஸில்லோடரை ஸ்கோப்போடு எடுத்துச் செல்லத் தடை இல்லை. செப்டம்பர் கடைசியில் தொடங்கும் மஸில்லோடர் பருவத்தில்தான் கூடாது. துப்பாக்கி சட்டப்படி சரியா என்று கேட்டால் சரி என்றும் சொல்லலாம், தவறு என்றும் சொல்லலாம். கையில் இருக்கும் டேக் எந்தப் பருவத்துக்கு உரியது என்பதைப் பொறுத்தே அதற்குப் பதில் உண்டு. அந்த விற்பனையாளர் என் டேக்கைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார் என்பதால், குழப்பத்தில் சொல்லிவிட்டார் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

நான் கேட்ட கேள்வி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "இந்த ஸ்கோப் மஸில்லோடர் பருவத்துக்குச் செல்லுமா?" என்றேன். அவர் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் மேசைக் கண்ணாடியின் அடியில் செருகியிருந்த, பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு விதிச் சுருக்க அட்டையை விரலால் தொட்டுக் காட்டி, "இங்கே 2016-லிருந்தே செல்லும், இதோ பாருங்கள்" என்றார். அட்டையின் மேல் மூலையில் 2023 என்று அச்சிட்டிருந்ததை நானும் பார்த்தேன். அந்த ஆண்டு எண்ணைப் படித்தும் அதன் பொருளை நான் உணரவில்லை. ரசீதின் அடியில், பொடி எழுத்தில், "சட்டங்களை அறிந்துகொள்வது வாடிக்கையாளரின் பொறுப்பு" என்று ஒரு வரி இருந்ததை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.

உண்மை ஆகஸ்ட் கடைசியில், பொதுச் சுடுதளத்தில் வெளிப்பட்டது. ஐம்பது கிரெயின் பெல்லட் இரண்டும் சபோவுமாகக் கெட்டித்து ஏழெட்டு முறை சுட்டு, ஒவ்வொரு முறையும் ஈரத் துணியால் குழலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் இருந்த ஒரு முதியவர் என் துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீங்கள் அக்டோபரில்தானே போகிறீர்கள்?" என்று கேட்டார். செப்டம்பர் என்றேன். அவர் எழுந்து தன் வண்டிக்குப் போய் அந்த ஆண்டின் விதிக் கையேட்டை எடுத்து வந்து, உரிய பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். அன்று அவர் பேசாமல் இருந்திருந்தால், காட்டில் வனவிலங்கு அதிகாரியின் முன்னால் நான் குற்றவாளியாக நின்றிருப்பேன்; சுட்ட மானையும் பறிமுதல் செய்திருப்பார்கள்.

மறுநாளே கடைக்குப் போனேன். முதலில் முப்பது நாள் கடந்துவிட்டது என்றார்கள். பிறகு, ஒரு முறை மருந்து வெடித்த துப்பாக்கியை எந்த நிலையிலும் திரும்பப் பெற மாட்டோம் என்றார்கள். ஸ்கோப்பை மட்டுமாவது எடுத்துக்கொண்டு, சிறு துளை வழியாகக் குறிபார்க்கும் பீப் சைட் கொடுங்கள் என்று கேட்டேன். தொகுப்பாக விற்றதைப் பிரிக்க முடியாது என்று மேலாளர் சொல்லிவிட்டார். அந்த அட்டையை நினைவூட்டியபோது, "அது எங்கள் வசதிக்காக வைத்திருப்பது, சட்ட ஆலோசனை அல்ல" என்றார். விற்கும்போது சான்றாகக் காட்டிய அட்டை, பணத்தைத் திரும்பக் கேட்கும்போது சான்று இல்லை என்றாகிவிட்டதை நான் மோசடி என்றே கருதுகிறேன்.

ஸ்கோப்பைக் கழற்றினால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இப்படி ஸ்கோப்போடு சேர்த்து விற்கும் துப்பாக்கிகள் பலவற்றில் குழலின் மேல் வேறு எந்தக் குறியமைப்பும் இருப்பதில்லை; என்னுடையதிலும் இல்லை. ஸ்கோப்பின் அடித்தட்டுத் திருகாணிகளைப் பசை போட்டு முறுக்கியிருந்தார்கள். ஹேர் டிரையரால் சூடேற்றி மெல்ல மெல்லத் திருப்பியும் நான்கில் ஒன்று தலை மழுங்கிவிட்டது. அதை எடுக்கவும், பின்னால் பீப் சைட்டும் முன்னால் மணிக்குறியும் பொருத்தவும் ஒரு துப்பாக்கிப் பழுதுக்காரருக்கு 190 டாலர் கொடுத்தேன். இரண்டு வார இறுதிகள் முழுவதும் பழகியும், எண்பது கஜத்துக்கு அப்பால் என் குண்டுகள் ஓரிடத்தில் விழவில்லை.

பருவம் தொடங்கிய முதல் நாள் காலையில், மான்டி-லா சால் தேசியக் காட்டில், மஞ்சளாகப் பழுத்திருந்த ஆஸ்பென் மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு மியூல் மான் கிடா வெளியே வந்து நின்றது. தூரமானியில் பார்த்தேன்: 160 கஜம். ஜூன் மாதத்திலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் மூன்று மாதம் பழகி, அருகில் போகும் வழியையும் ஆராய்ந்து வைத்திருப்பேன். காயப்படுத்திவிட்டுத் தேடி அலைய எனக்கு மனம் வரவில்லை, அதனால் துப்பாக்கியைத் தாழ்த்தினேன். ஒன்பது நாள் பருவமும் அப்படியே முடிந்தது. விதியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. குறுகிய தூரத்துக்கென்று ஒதுக்கிய பருவம் குறுகிய தூரத்துக்கே உரியதாக இருப்பது நியாயம்தான். விதி மாறியதை மறைத்து, பழைய சரக்கைப் புதியவர்கள் தலையில் கட்டுவதைத்தான் எதிர்க்கிறேன்.

அதே விற்பனையாளர் சொன்ன இன்னொன்றையும் இங்கே பதிய வேண்டும். "அடுத்த ஆண்டு கொலராடோவுக்குப் போனாலும் இதையே அப்படியே எடுத்துப் போகலாம்" என்றார். கொலராடோவின் மஸில்லோடர் பருவத்தில் ஸ்கோப், மருந்துப் பெல்லட், சபோ மூன்றுக்குமே தடை. அளந்து கொட்டும் மருந்தும் திறந்த குறியமைப்பும்தான் அங்கே செல்லும். ஐடஹோவில் மஸில்லோடருக்கு மட்டுமான பருவங்களில் 209 பிரைமரே கூடாது என்பதால், அங்கே இந்தத் துப்பாக்கியையே வெளியே எடுக்க முடியாது. இணையத்திலும் "எல்லா மாநிலங்களிலும் சட்டபூர்வமானது" என்ற வாசகத்தோடு இவற்றை விற்கிறார்கள். 1968-ஆம் ஆண்டின் கூட்டாட்சித் துப்பாக்கிச் சட்டம் இத்தகைய துப்பாக்கிகளைப் பழம்பொருள் வகையில் சேர்த்திருப்பதால், பெரும்பாலான இடங்களில் பின்னணிச் சோதனை இல்லாமலே தபாலில் வீட்டுக்கு வந்துவிடும். அந்த வாசகம் துப்பாக்கியை வாங்குவதற்கான சட்டத்தைப் பற்றியதே அன்றி, வேட்டைக்கான விதியைப் பற்றியது அல்ல.

எனவே பணம் கொடுப்பதற்கு முன், நீங்கள் வேட்டையாடப் போகும் மாநிலத்தின் வனவிலங்குத் துறை இந்த ஆண்டுக்கென்று வெளியிட்ட கையேட்டை நீங்களே இறக்கி, உங்கள் டேக்கில் உள்ள பருவத்தின் பெயருக்கு நேராகக் குறியமைப்பு, மருந்து, குண்டு, பிரைமர் ஆகிய நான்கையும் படியுங்கள். கையேடு வந்த பிறகும் வாரியக் கூட்டங்களில் மாற்றம் வரக்கூடும் என்பதால், சந்தேகம் இருந்தால் துறையின் வட்டார அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசுங்கள். நான் தாமதமாகப் பேசியபோது ஐந்து நிமிடத்தில் தெளிவான பதில் கிடைத்தது. விற்பனையாளர் வாய்மொழியாகச் சொல்லும் உறுதியை, பருவத்தின் பெயரும் ஆண்டும் சேர்த்து, ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அந்தக் கடையில் வாங்க வேண்டாம்.

என் ரசீது, அட்டையின் படம், கையேட்டின் பக்கம் ஆகியவற்றை இணைத்து மாநில நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறேன். இதே போன்ற தொகுப்பை எந்தக் கடையில் வாங்கியிருந்தாலும், இன்னும் ஒரு முறைகூடச் சுடாமல் முப்பது நாளுக்குள் இருப்பவர்கள், மருந்தைக் கெட்டித்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, இன்றைக்கே ரசீதோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.