ஹட்டனில் ‘மிடி கார்ட்’ வாங்கிய கதை: 19,600 ரூபாவும் 39 பாட்டுகளும்

கணினியில் மிடி பாட்டு, அதாவது கீபோர்டில் வாசித்துப் பதிந்த பாட்டுக் கோப்பு, கேட்கத் தனியாக ஒரு கார்ட் போட வேண்டும் என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும், கொடுத்த பென் டிரைவைத் திருப்பி வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுங்கள். நான் ஏறவில்லை. 19,600 ரூபா போனது. பணத்தைக்கூட அடுத்த தீபாவளிக்குள் சேர்த்துவிடலாம். போன மற்றதைச் சேர்க்க முடியாது என்பதால்தான் வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறேன். பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவன் கணக்கில் ஏமாந்த கதை இது.

என் சித்தப்பா தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்தவர். பகலெல்லாம் கொழுந்து ரோலர், இரவில் கீபோர்ட். ப்ளொப்பி டிரைவ் வைத்த பழைய யமஹா. கோயில் திருவிழா, கல்யாண வீடு, யார் கூப்பிட்டாலும் தோளில் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அவருக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. மலையில் கொழுந்தெடுக்கும் பெண்கள் பாடும் தெம்மாங்கு, எங்கள் பாட்டி பாடிய தாலாட்டு, சாவு வீட்டு ஒப்பாரி என்று காதில் விழுந்த மெட்டையெல்லாம் வாசித்து மிடி கோப்பாக ப்ளொப்பியில் ஏற்றி வைப்பார். மொத்தம் 61 பாட்டு, மூன்று ப்ளொப்பி. அவர் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. இருக்கும்போதே யாரையோ பிடித்து எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் போட்டு என்னிடம் தந்திருந்தார்.

மகள் கீபோர்ட் பழகத் தொடங்கியதும் அந்தப் பென் டிரைவ் நினைவுக்கு வந்தது. வீட்டுக் கணினியில் செருகி ஒரு கோப்பைத் திறந்தேன். விண்டோஸோடு வந்த வீடியோ செயலி ‘இந்தக் கோப்பைத் திறக்க முடியாது’ என்றது. பழைய மீடியா பிளேயரில் போட்டேன், ஒலித்தது. ஆனால், சித்தப்பா நாதஸ்வரம் போல வாசித்த இடமெல்லாம் திருவிழாவில் விற்கும் பீப்பீ போலக் கேட்டது. தவில் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ வாளியைத் தட்டினார்கள். கணினியில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டினேன். அங்கே ஆரம்பித்தது என் மடத்தனம்.

ஹட்டனில் ஒரு கடை. பெயர் வேண்டாம். கணினிப் பெட்டியையும் பென் டிரைவையும் எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் இரண்டு நிமிடம் கேட்டார். “அண்ணே, போன மாதம் உங்கள் பக்கம் இடி மின்னல் பலம்தானே? சவுண்ட் கார்டில் மிடி லைன் எரிந்துவிட்டது” என்றார். மலைநாட்டில் மின்னலைச் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? ஐப்பசி மழையில் தொலைக்காட்சியைப் பறிகொடுக்காத தோட்டத்து லயன் வீடு ஒன்று உண்டா? ஆனாலும் ஒரு சந்தேகம் கேட்டேன்: “தம்பி, மற்றப் பாட்டெல்லாம் நன்றாகத்தானே கேட்கிறது?” “அது வேறு லைன் அண்ணே” என்றார். அந்தப் பதிலோடு நான் வாயை மூடிக்கொண்டேன்.

‘மிடி சவுண்ட் கார்ட்’ 9,500 ரூபா. ‘லைசன்ஸ் சொஃப்ட்வெயார்’ 4,000 ரூபா. பாட்டுகளை எந்தத் தொலைபேசியிலும் கேட்கும்படி எம்.பி.3 ஆக்கித் தர, பாட்டுக்கு 100 ரூபா வீதம் 6,100 ரூபா. பற்றுச்சீட்டுக் கேட்டதற்கு ‘பில் புத்தகம் முடிந்துவிட்டது, நாளை வந்து வாங்கிக்கொள்ளுங்கள்’ என்றார். நாளைக்கு யார் பஸ் காசு கொடுத்துப் போவது?

வீட்டுக்கு வந்து கேட்டால் அதே பீப்பீ, அதே வாளி.

கொட்டகலையில் இருக்கும் என் மச்சான் தேவாலயப் பாடகர் குழுவில் கீபோர்ட் வாசிக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தார். பெருவிரல் அளவில் யூ.எஸ்.பி. துளையில் தொங்கிக்கொண்டிருந்த அந்த ‘மிடி கார்டை’ப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் பிடுங்கி மேசையில் வைத்துவிட்டு, ஒலிபெருக்கி வயரைக் கணினியின் பழைய துளையிலேயே செருகிப் பாட்டைப் போட்டார். அட்சரம் பிசகாமல் அதே ஒலி. பிடுங்கிய பொருள் ஹெட்போனும் மைக்கும் மாட்டுகிற சாதாரணத் துண்டு. ஒலியை உள்ளே வாங்கி வெளியே விடுவதைத் தவிர அதற்கு வேறு வேலையே கிடையாது.

பிறகு மச்சான் விளக்கினார். மிடி கோப்புக்குள் ஒலி என்பதே இல்லை. எந்தக் கட்டையை எப்போது அழுத்தினார், எவ்வளவு வேகமாக அழுத்தினார், எப்போது விட்டார் என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கிறது. அழுத்திய வேகம் 127 வரை ஓர் எண்ணாகப் பதியும். சித்தப்பா இடது கையால் கீபோர்டின் சுருதிச் சக்கரத்தை வளைத்து வளைத்து ஒப்பாரியின் இழுப்பைக் கொண்டுவருவாரே, அதுவும் 16,384 படி கொண்ட அளவில் எண்ணாகப் பதிந்திருக்கும். அந்தக் குறிப்பைப் பார்த்து வாசிக்க வேண்டியது கணினிக்குள் இருக்கும் வாத்தியக்காரரின் வேலை. விண்டோஸுக்குள் இருப்பவர் மிகவும் ஏழை. ரோலண்ட் நிறுவனத்திடம் உரிமம் வாங்கி 1990களில் மைக்ரோசொஃப்ட் சேர்த்த சுமார் 3 மெகாபைட் ஒலித் தொகுப்புதான் அவருடைய முழுச் சொத்து. அதற்குள்தான் 128 வாத்தியமும் மேளமும் அடங்க வேண்டும்.

அந்த 128 என்பது எந்த எண்ணுக்கு எந்த வாத்தியம் என்று 1991இல் வகுத்த ஜெனரல் மிடி பட்டியல். 105ஆம் இலக்கம் சித்தார், 112ஆம் இலக்கம் ஷெனாய். நாதஸ்வரம் இல்லை, தவில் இல்லை, மிருதங்கமும் இல்லை. எங்கள் தப்பு மேளத்துக்கு அங்கே எப்படி இடம் கிடைக்கும்? தாளமெல்லாம் அதற்கென்றே ஒதுக்கிய 10ஆம் சேனல் என்ற தடத்துக்குப் போகும். சித்தப்பா ஷெனாயை நாதஸ்வரமாகவும் கொங்கா மேளத்தைத் தவிலாகவும் வைத்துச் சமாளித்திருக்கிறார். அவருடைய யமஹாவில் அது ஓரளவு எடுபட்டது. விண்டோஸில் அதுவே பீப்பீயானது. மின்னலுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

கணக்கு வாத்தியாருக்கு இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். நான்கு நிமிடப் பாட்டு, கோப்பின் அளவோ 30 கிலோபைட். நொடிக்கு 128 கிலோபிட் எம்.பி.3 என்றால் அந்த இடத்தில் இரண்டு நொடிப் பாட்டுக்கூட அடங்காது. 61 பாட்டும் சேர்ந்து இரண்டு மெகாபைட் வரவில்லை என்பதைப் பார்த்தும், ‘ஒலி எங்கே இருக்கிறது?’ என்று கேட்கத் தோன்றவில்லை.

மச்சான் செய்த வைத்தியம் ஒரு மணி நேரம்கூட எடுக்கவில்லை. கூல்சொஃப்ட் வெர்ச்சுவல்மிடிசிந்த் என்ற இலவச மென்பொருளையும், ஜெனரல்யூசர் ஜி.எஸ். என்ற இலவச சவுண்ட்ஃபொண்டையும் இறக்கி இணைத்தார். சவுண்ட்ஃபொண்ட் என்பது வாத்திய ஒலிகளின் மாதிரிகள் அடங்கிய கோப்பு. ஃப்ளூயிட் ஆர்3 என்று இன்னொன்று 140 மெகாபைட் அளவில் கிடைக்கிறது, அதுவும் இலவசம். செலவு இணைய டேட்டா மட்டும். ஷெனாய் இப்போதும் நாதஸ்வரம் ஆகிவிடவில்லைதான், ஆனால் பீப்பீ போய்விட்டது. கடைக்காரர் 4,000 ரூபாவுக்குப் போட்டுத் தந்த ‘லைசன்ஸ்’ மென்பொருள் மியூஸ்ஸ்கோர். மிடி கோப்பைத் திறந்து சுரக் குறிப்பாகக் காட்டும் நல்ல மென்பொருள்தான். யாரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். “இந்தப் பாட்டில் ஷெனாயை மட்டும் நிறுத்திவிட்டு மகளை வாசிக்க விடலாம், வேகத்தையும் குறைக்கலாம், சுருதி மாறாது” என்று சொல்லிக்கொண்டே மச்சான் பென் டிரைவைத் திறந்தார். உள்ளே 61 எம்.பி.3. மிடி கோப்பு ஒன்றுகூட இல்லை. நாங்கள் அதுவரை கேட்டுக்கொண்டிருந்தது, முதல் நாள் சோதித்துப் பார்க்க நான் கணினியில் பிரதியெடுத்திருந்த ஒரே ஒரு தாலாட்டு.

கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். “வைரஸ் இருந்தது அண்ணே, ஃபோர்மட் பண்ணித்தான் போட்டோம். பாட்டெல்லாம் இருக்கிறதே?” என்றார். பாட்டு இருக்கிறது. விண்டோஸின் பீப்பீ ஒலியிலேயே உறைந்துபோய் இருக்கிறது. எம்.பி.3யிலிருந்து சித்தப்பாவின் விரல் எந்தக் கட்டையை எவ்வளவு அழுத்தியது என்பதை அப்படியே திரும்ப எடுக்க முடியாது. அவர் கை அதில் இல்லை. அழிந்த கோப்பை மீட்கும் மென்பொருளையும் ஓட்டிப் பார்த்தோம். பழைய இரண்டு மெகாபைட் இருந்த இடத்தின் மேல் 240 மெகாபைட் எம்.பி.3யை ஏற்றியிருந்தார்கள், எதுவும் அகப்படவில்லை.

நேரில் போனபோது ‘விற்ற பொருள் திரும்ப எடுப்பதில்லை’ என்ற அட்டையைக் காட்டினார். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிட 1977 என்ற இலக்கம் இருக்கிறது. கையில் ஒரு துண்டுப் பற்றுச்சீட்டும் இல்லாமல் என்ன சொல்வது என்று நானே அழைக்காமல் விட்டுவிட்டேன். நீங்கள் அப்படி விடாதீர்கள். பில் புத்தகம் முடிந்துவிட்டது என்றால் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்குங்கள். பழுது பார்க்கக் கணினியைக் கொடுக்கும்போது பென் டிரைவைக் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் பிரதியைக் கொடுங்கள். இரண்டு மெகாபைட்டுக்குப் பிரதியெடுக்க மூன்று நொடி போதும், அதைக்கூட நான் செய்யவில்லை.

சித்தி பிஸ்கட் டின்னுக்குள் மூன்று ப்ளொப்பியையும் வைத்திருந்தார். மச்சான் கொழும்பிலிருந்து யூ.எஸ்.பி. ப்ளொப்பி டிரைவ் ஒன்றை இரவல் வாங்கி வந்தார். முதலாவதில் 21 பாட்டும் குறையில்லாமல் வந்தன. இரண்டாவது முழுக்கப் பூஞ்சணம். எங்கள் ஊர் ஈரம் இரும்பையே தின்னும், ப்ளொப்பி எம்மாத்திரம். மூன்றாவது சுற்றுகிறது, ஆனால் டிரைவ் படிக்க மறுக்கிறது. தாலாட்டோடு சேர்த்து 22. மிச்சம் 39.

தலவாக்கலை, ஹட்டன், நோர்வூட் பக்கம் ப்ளொப்பி டிரைவ் வேலை செய்யும் பழைய யமஹா கீபோர்ட் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து தெரியப்படுத்துங்கள். அந்த மூன்றாவது ப்ளொப்பியை அது எழுதப்பட்ட மாதிரிக் கருவியிலேயே ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும். நானே எடுத்துக்கொண்டு வருகிறேன்.