மணிமாலைக்கு அல்ட்ராசோனிக் கிளீனர் சரிப்படுமா?

வீட்டு உபயோக அல்ட்ராசோனிக் கிளீனர், பிரஷ் நுழையாத இடுக்கில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை நன்றாகவே எடுக்கிறது. சாதாரணத் தங்கச் சங்கிலிக்குத் தாராளமாக வாங்கலாம். ஆனால் ‘எல்லா நகைக்கும் ஏற்றது’ என்ற விளம்பரத்தை நம்பி உபரத்தின மணிமாலையை உள்ளே போட்டுவிடாதீர்கள்.

இந்த மெஷின்கள் பெரும்பாலும் 40 கிலோஹெர்ட்ஸ் அளவில் அதிர்கின்றன. தண்ணீரில் நுண்குமிழிகள் உருவாகி வெடிக்கும் வேகம்தான் அழுக்கைப் பெயர்க்கிறது. கல்லில் விரிசல் இருந்தால் அதே வேகம் அதையும் பெரிதாக்கும். மணியில் பலவீனமான இடம் துளைதான். துளையிடும்போதே விளிம்பில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கலாம். 10 மடங்கு லென்ஸில் துளை ஓரத்தைப் பாருங்கள். விரிசல் வழியே நிறம் அடர்ந்து ஓடினால் அது சாயம் ஏற்றிய கல். மெஷினில் போட்டால் சாயம் கழன்றுவரும்.

செவ்வந்திக்கல், ஸ்படிகம், ரோஸ் குவார்ட்ஸ் மூன்றும், கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில் 7. சாயமோ விரிசலோ இல்லையென்றால் தாங்கும். கடினத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பது தவறு. மூன்ஸ்டோன் 6க்கு மேல்தான், ஆனாலும் அதற்குள் பிளவுத் தளங்கள் உண்டு, அதிர்வில் பிளக்கலாம். டர்க்காய்ஸில் நுண்துளைகள் இருப்பதால் சோப்பையும் எண்ணெயையும் உறிஞ்சி நிறம் மாறும். முத்து, பவளம், அம்பர், மாலகைட், லாபிஸ் எதையும் போடவே கூடாது.

கல் தப்பித்தாலும் கோர்வை தப்பிக்காது. பட்டு நூல் ஈரத்தில் நீளும். முடிச்சுகளுக்கு நடுவே இடைவெளி விழும். மணிகள் ஒன்றோடொன்று உரசுவதால், கடினமான கல் பக்கத்திலுள்ள மென்மையான கல்லைக் கீறும். ஆகவே நைலான் பூச்சுள்ள கம்பியில், ஒரே வகைக் கல்லை மட்டும் கோத்த மாலைக்குத்தான் இந்த மெஷின்.

வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான பாத்திரம் கழுவும் திரவம் 2 சொட்டு போதும். மாலையைக் கூடையில் பரப்பி வையுங்கள். தொட்டியின் அடித்தளத்தில் படக் கூடாது. 60 முதல் 90 வினாடி போதும், மீண்டும் ஒருமுறை ஓட்ட வேண்டாம். சூட்டோடு எடுத்துக் குளிர்ந்த நீரில் அலசினால் கல் விரிசல் விடலாம். அதே சூட்டுள்ள நீரில் அலசுங்கள். துண்டில் கிடைமட்டமாகப் போட்டு இரவு முழுக்க உலரவிடுங்கள். துளைக்குள் தங்கும் ஈரம் மேலே தெரியாது. செவ்வந்திக்கல்லை வெயிலில் காயவைக்காதீர்கள், நாளடைவில் நிறம் வெளிறும்.

முத்தும் டர்க்காய்ஸும் அதிகம் வைத்திருப்பவருக்கு இந்த மெஷினே தேவையில்லை. கழற்றியதும் வியர்வையை மென்மையான ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த பிறகு தனித்தனித் துணிப்பையில் வைத்தால் போதும்.