ஃபைனல் ஃபேண்டஸி: 10-ஆ, 15-ஆ?

1987-இல் தொடங்கிய வீடியோ கேம் தொடர். முக்கிய வரிசையில் மட்டும் 16 ஆட்டங்கள். பெரம்பூர், வியாசர்பாடிப் பசங்க முதலில் கேட்பது, "ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கணுமாண்ணா?" தேவையில்லை. ஒவ்வொன்றும் தனி உலகம், தனிக் கதை. கடைசியில் குழப்பம் 10-ஆவது ஆட்டம், 15-ஆவது ஆட்டம் இந்த இரண்டில் வந்து நிற்கும்.

இடம்: 15-க்கு 100 ஜிபி காலியாக வேண்டும், நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டும். 10-இன் எச்டி பதிப்பு சுமாரான லேப்டாப்பிலும் ஓடும்.

சண்டை: 10-இல் முறை வைத்து அடிப்பது. அடுத்து யார் முறை என்று திரை ஓரத்திலேயே தெரியும். நடுவில் அம்மா கடைக்கு அனுப்பினாலும் அரக்கன் அப்படியே காத்திருப்பான். 15-இல் விரல் நிற்காது.

கதை: சந்தேகமே இல்லை, 10. நாயகி யூனாவின் யாத்திரை எங்கே முடியும் என்று தெரியவரும் இடம் ஆளை உலுக்கிவிடும். 15-இன் கதையில் ஒரு பகுதியை ஆட்டத்துக்கு வெளியே தனிப்படமாக எடுத்து வைத்துவிட்டார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் நான்கு நண்பர்கள் காரில் சுற்றி, ராத்திரி கூடாரம் போட்டுச் சமைத்துச் சாப்பிடுவது தனி சுகம்.

அப்புறம், 10-இல் பிளிட்ஸ்பால் என்ற பந்து விளையாட்டும் உண்டு: தண்ணீருக்குள், அணிக்கு ஆறு பேர். வியாசர்பாடி ஃபுட்பால்காரர்கள் கதையை மறந்து அதிலேயே தங்கிவிடலாம், ஜாக்கிரதை.

பழைய லேப்டாப், கதைப் பசி என்றால் 10. புது கணினி, ஊர் சுற்றும் ஆசை என்றால் 15.